ஏர் பிஸ்டலில் காசை எங்கே போடுவது?
10 மீட்டர் போட்டிக்கு ஏர் பிஸ்டல் வாங்குவோர் பலர் முதலில் விசாரிப்பது குண்டின் வேகத்தை. காகிதத்தைத் துளைக்க அதிக வேகம் எதற்கு? காசைப் போட வேண்டிய இடம் கைப்பிடி. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 33 சென்டிமீட்டர் என்றால், முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினாலே குண்டு இலக்கில் சுமார் 30 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 11.5 மில்லிமீட்டர். மாறாக, கோணம் மாறாமல் துப்பாக்கி முழுவதும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கிலும் அதே 1 மில்லிமீட்டர்தான் பிழை. ஆக, ஆடும் கையைவிட மடங்கும் மணிக்கட்டே பெரிய எதிரி. கைப்பிடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உள்ளங்கையில் அமர்ந்தால்தான் குறிகள் தாமாக நேராகும். அதற்காகத்தான் மரக் கைப்பிடியை அரத்தால் ராவுவதும், பள்ளத்தில் புட்டி அப்புவதும்.

எடைக்கட்டி சேர்த்தால் நடுக்கம் குறையாதா? வேகமான நடுக்கம் குறையும். ஆனால் 75 நிமிடத்தில் 60 குண்டுகளை ஒற்றைக் கையால் சுட வேண்டிய தோள் அதற்குள் சோர்ந்துவிடும். விதியும் துப்பாக்கியின் மொத்த எடையை 1500 கிராமைத் தாண்ட விடாது. தொலைநோக்கிக்கும் லேசருக்கும் போட்டியில் இடமில்லை, கடைக் கண்ணாடிக்குள் அழகாகத்தான் இருக்கும். விசையின் பளுவும் 500 கிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது. எனவே அது எந்தப் புள்ளியில் விடுபடும் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும்படி திருகைச் சரிசெய்வதே உருப்படியான வேலை.