குட்டி ஊரில் இறங்கிய 38 விமானங்கள்

குழந்தைகளே! ரயில் ஜங்ஷனில் இறங்கி, அடுத்த ரயிலுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று அப்பாவை நச்சரித்திருப்பீர்கள். விமானப் பயணத்திலும் இப்படி நடுவழியில் காத்திருக்க வேண்டி வரும். பெரிய நகரம் என்றால் சுற்றிப் பார்க்கலாம். சின்ன ஊரில், அதுவும் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேண்டர் என்று ஓர் ஊர். கனடா நாட்டின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து என்ற பெரிய தீவில் இருக்கிறது. 2001ல் அங்கே சுமார் 10 ஆயிரம் பேர்தான் வசித்தார்கள். ஆனால் ஓடுபாதையோ 3 கிலோமீட்டர் நீளம்! எவ்வளவு பெரிய விமானமும் இறங்கலாம்.

குட்டி ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய விமான நிலையம்? இதை நான் வகுப்பில் ஒரு நூலை வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். பூமி உருண்டையில் லண்டன் மீது நூலின் ஒரு முனையையும், நியூயார்க் மீது மறு முனையையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். தட்டையான வரைபடத்தில் தெரிவது போல நூல் நேராகப் போகாது. வடக்கே வளைந்து, நியூஃபவுண்ட்லாந்து தீவை ஒட்டிப் போகும். அதுதான் குறுக்கு வழி. அந்தக் கால விமானங்களால் ஒரே மூச்சில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் வரை போக முடியாது. நடுவில் பெட்ரோல் போட ஓர் இடம் வேண்டும். அதற்காகவே காட்டுக்கு நடுவே விமான நிலையம் கட்டினார்கள். 1938ல் முதல் விமானம் இறங்கியது. விமான நிலையத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது!

1959ல் அங்கே புதிய பயணியர் கூடத்தை இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் திறந்து வைத்தார். அதன் சுவரில் 72 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம். கென்னத் லாக்ஹெட் என்ற ஓவியர் முட்டையில் வண்ணம் குழைத்துத் தீட்டியது. அதற்கு 500 டஜனுக்கு மேல் முட்டை செலவானதாம். எத்தனை முட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. நடுவில் நிற்காமலே கடலைத் தாண்டின. கேண்டர் விமான நிலையத்தில் கூட்டம் குறைந்து போனது.

2001 செப்டம்பர் 11. அன்று அமெரிக்காவில் பயங்கரவாதிகள் விமானங்களைக் கடத்திக் கட்டடங்களில் மோதினார்கள். சுமார் 3 ஆயிரம் பேர் இறந்தனர். அமெரிக்க அரசு தன் வான்வழியை உடனே மூடியது. அப்போது அட்லாண்டிக் கடல் மேல் பறந்து கொண்டிருந்த விமானங்கள் எங்கே இறங்கும்? 38 பயணிகள் விமானங்கள் வரிசையாகக் கேண்டரில் இறங்கின. ஏறக்குறைய 6,700 பேர்! 10 பேர் வாழும் வீட்டுக்கு ஒரே நாளில் ஏழு விருந்தாளிகள் வந்தது போல.

சோதனைகள் முடியும் வரை விமானத்தை விட்டு இறங்க அனுமதி இல்லை. சிலர் ஒரு நாளுக்கு மேல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தனர். இறங்கும்போதும் பெரிய பெட்டிகளை எடுக்க விடவில்லை. மாற்று உடையும் இல்லை.

ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்தி கேட்டதும் போராட்டத்தை விட்டுவிட்டுப் பேருந்தை எடுத்தார்கள். ஓட்டல் அறைகள் விமான ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பயணிகள் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்கினர். பக்கத்து ஊர்களும் பங்கு போட்டுக் கொண்டன. வீட்டுக்கு வீடு போர்வை, துண்டு, சமைத்த உணவு வந்து குவிந்தது. உணவு கெடாமல் வைக்க இடம் போதவில்லை. ஐஸ் ஹாக்கி விளையாடும் பனித்தரை அரங்கத்தையே குளிர்சாதனப் பெட்டி ஆக்கிவிட்டார்கள்! மாத்திரைகள் பெட்டியில் மாட்டிக்கொண்ட நோயாளிகளுக்காக, மருந்துக் கடைக்காரர்கள் பல நாட்டு மருத்துவர்களுக்கும் போன் செய்து, கேட்டு, மருந்து கொடுத்தார்கள்.

விமானங்களின் அடித்தளத்தில் நாய்களும் பூனைகளும் கூண்டுகளில் இருந்தன. கூடவே, அமெரிக்க மிருகக்காட்சி சாலை ஒன்றுக்குப் போய்க் கொண்டிருந்த இரண்டு போனோபோ குரங்குகள்! பிராணிகள் நலத் தொண்டர்கள் பெட்டிகளுக்கு இடையே தவழ்ந்து போய் அவற்றுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்தார்கள்.

சரி, இத்தனை பேரும் அத்தனை நாளும் என்ன செய்தார்கள்? முதலில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. சிலரைப் படகில் ஏற்றிக் கடலைக் காட்டினர். சிலரைக் காட்டுக்கு அழைத்துப் போயினர். அந்தத் தீவில் ஒரு வேடிக்கைச் சடங்கு உண்டு. காட் என்ற மீனுக்கு முத்தம் கொடுத்தால் நீங்களும் அந்த ஊர்க்காரர்! பயணிகள் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே முத்தம் கொடுத்தார்கள்.

எல்லாராலும் சிரிக்க முடியவில்லை. ஒரு பயணியின் மகன் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர். மோதல் நடந்த இடத்துக்கு மீட்கப் போனவரைப் பற்றித் தகவலே இல்லை. அந்தத் தாய் தொலைபேசியை விட்டு நகர மறுத்தார். கேண்டர் பெண்மணி ஒருவர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மகனும் தீயணைப்புத் தொண்டர்தான். ஆறுதல் சொன்னார், நடுநடுவே நகைச்சுவைத் துணுக்குகளும் சொன்னார். ஊர் திரும்பிய பிறகுதான் மகன் இறந்த செய்தி அந்தத் தாய்க்கு உறுதியானது. இருவரும் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

சில நாட்களில் வான்வழி திறந்தது. ஐந்து நாட்களுக்குள் பெரும்பாலும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பணம் கொடுத்தபோது ஊர்க்காரர்கள் வாங்க மறுத்தனர். 2002ல் லுஃப்தான்சா நிறுவனம் தன் விமானம் ஒன்றுக்குக் கேண்டரின் பெயரையும் ஹாலிஃபாக்ஸின் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. பிற்பாடு இந்தக் கதை இசை நாடகமாகி, 2017ல் நியூயார்க்கில் மேடையேறியது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. டெல்டா நிறுவனத்தின் 15ஆம் எண் விமானத்தில் வந்தவர்கள், பக்கத்திலுள்ள லூயிஸ்போர்ட் என்ற ஊரின் பள்ளியில் தங்கியிருந்தார்கள். அந்த வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்தான் அவர்களைக் கவனித்துக் கொண்ட தொண்டர்கள். திரும்பும் வழியில், ஆகாயத்திலேயே ஒரு பயணி ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினார்: அந்தப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஓர் உதவித்தொகை தொடங்குவோம் என்றார். ஒரு தாள் இருக்கைக்கு இருக்கை போய் வந்தது. விமானம் தரை இறங்குவதற்குள் அதில் 15 ஆயிரம் டாலருக்கு மேல் எழுதியிருந்தார்கள். அந்த நிதியில் பிறகு எத்தனையோ லூயிஸ்போர்ட் மாணவர்கள் கல்லூரிக்குப் போனார்கள்.