ஜகாத்: கணக்கும் கடமையும்

இஸ்லாத்தின் ஐந்து பெருங்கடமைகளுள் ஒன்றாகிய ஜகாத்தைப் பிச்சையிடுதலோடு ஒன்றாக எண்ணிவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. பிச்சை, இடுபவரின் மனத்தைப் பொறுத்தது. ஜகாத்தோ அளவும் காலமும் பெறுவோரும் வரையறுக்கப்பட்ட ஒரு கடன். வசதியுள்ளவரின் செல்வத்தில் ஏழைக்கு ஒரு பங்கு முன்னதாகவே உண்டு. அதை ஒப்படைக்கும்வரை எஞ்சிய செல்வம் தூய்மை அடைவதில்லை என்பதே இதன் அடிப்படைக் கருத்து. தூய்மை, வளர்ச்சி என்னும் இரு பொருள்களையும் அச்சொல் அரபியில் தாங்கி நிற்கிறது.

நபிகள் நாயகம் மதீனாவில் வாழ்ந்த காலத்தில் இது அரசின் பொறுப்பாகவே வசூலிக்கப்பட்டது. அவர் மறைந்த 632ஆம் ஆண்டில் சில அரபுக் குலத்தினர் ஜகாத் தர மறுத்தபோது, முதல் கலீபாவான அபூபக்கர் அவர்கள்மீது படை நடத்தினார். இந்திய வரலாற்று மாணவர்களுக்கு பிரோஸ் ஷா துக்ளக் (1351–1388) நினைவுக்கு வரலாம். பல்வேறு சில்லறை வரிகளை நீக்கி, மார்க்கச் சட்டம் ஒப்பும் நான்கு வரிகளை மட்டும் அவர் நிலைநிறுத்தினார். அவற்றுள் ஜகாத்தும் ஒன்று. இன்றைய இந்தியாவில் இதில் அரசுக்குப் பங்கேதும் இல்லை. இது முற்றிலும் தனிமனிதரின் மனச்சான்றுக்கு உட்பட்டது.

யார் செலுத்த வேண்டும்?

அடிப்படைத் தேவைகள் போக, ‘நிஸாப்’ எனப்படும் குறைந்தபட்ச அளவுக்குச் செல்வம் உடையவர் செலுத்த வேண்டும். அச்செல்வம் ஒரு சந்திர ஆண்டு, அதாவது ஏறத்தாழ 354 நாள்கள், அவரிடம் இருந்திருக்க வேண்டும். குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை, பயணத்துக்குரிய வாகனம், தொழிற்கருவிகள் ஆகியவை கணக்கில் சேரா. ரொக்கம், பொன், வெள்ளி, வணிகச் சரக்கு ஆகியவற்றுக்கு நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். மழையை நம்பி விளையும் தானியத்துக்குப் பத்தில் ஒரு பங்கு; இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் மிகுந்த இடத்தில் விகிதம் பாதியாகக் குறைவது கருதத்தக்கது. ஆடு, மாடு, ஒட்டகங்களுக்குத் தனி அட்டவணையே உண்டு. 40 ஆடுகளுக்கு ஓர் ஆடு என்பது அதன் தொடக்கம்.

நிஸாப்பின் அளவில்தான் இக்காலத்துக்குரிய சிக்கல் எழுகிறது. தொடக்கத்தில் 20 தீனார் பொன், 200 திர்ஹம் வெள்ளி என இரு அளவுகள் வகுக்கப்பட்டன. அன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்புடையவை. இந்தியாவில் ஹனபி மத்ஹபினர் இவற்றை முறையே ஏழரைத் தோலாவாகவும் (87.48 கிராம்) ஐம்பத்திரண்டரைத் தோலாவாகவும் (612.36 கிராம்) கணக்கிடுகின்றனர். நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் வெள்ளியின் மதிப்பு பொன்னைவிடப் பன்மடங்கு தாழ்ந்துவிட்டது.

ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அவரிடம் ரொக்கம் 1,20,000 ரூபாய். விற்பனை விலைப்படி சரக்கு 6,00,000. பற்று வரவுப் பேரேட்டின்படி திரும்பிவரும் என்று நம்பத்தக்க கடன் 80,000. மொத்தம் 8,00,000. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய 2,00,000 ரூபாயைக் கழித்தால் நிற்பது 6,00,000. (கடனைக் கழிப்பதில் ஷாபி மத்ஹபினர் வேறு கருத்துடையவர்கள்.) கடையின் அலமாரியும் தராசும் கணக்கில் வரா. பொன் கிராம் 10,000 ரூபாய், வெள்ளி 150 ரூபாய் என வைத்துக்கொண்டால், பொன்வழி நிஸாப் 8,74,800 ரூபாய். வெள்ளிவழி 91,854 ரூபாய். முதலாவதன்படி இவர் எதுவும் தர வேண்டியதில்லை. இரண்டாவதன்படி 15,000 ரூபாய் தர வேண்டும். ஏழைகளுக்கு மிகுதியாகக் கிடைக்கும் என்பதால் இந்திய ஹனபி அறிஞர்களுள் பெரும்பாலோர் வெள்ளியையே அளவாகக் கொள்கின்றனர். எளிய வருவாயினர்மீது சுமை ஏறும் என்பார் பொன்னை நாடுகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஓர் ஆண்டு ஓர் அளவும் மறு ஆண்டு மற்றோர் அளவுமாகத் தமக்கு வாய்ப்பானதைத் தேடிக்கொள்வது கடமையின் கருத்துக்கு ஒவ்வாது.

பெண்கள் அணியும் நகைகளிலும் வேறுபாடு உண்டு. ஹனபி மத்ஹபில் அவற்றுக்கும் ஜகாத் உண்டு. தமிழகக் கரையோர ஊர்களிலும் கேரளத்திலும் பெருவழக்காயுள்ள ஷாபி மத்ஹபில், அளவோடு அணியும் நகைகளுக்கு இல்லை. மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் பழக்கமுடையோர், சூரிய ஆண்டின் கூடுதல் நாள்களை ஈடுசெய்ய 2.5க்குப் பதில் ஏறத்தாழ 2.577 சதவீதம் செலுத்த வேண்டும்.

யாருக்குத் தருவது?

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. வறியவர், தேவையுடையோர், கடனில் மூழ்கியோர், வழிப்போக்கர் முதலியோர் அவர்களுள் அடங்குவர். பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோரைக் காப்பது முன்னமே கடமையாதலால் அவர்களுக்கு இதனைத் தரலாகாது. ஏழையாயுள்ள உடன்பிறந்தாருக்குத் தரலாம். பெறுபவர் கையில் பொருள் உரிமையாகச் சேர வேண்டும் என்பதால், பள்ளிவாசல் கட்டடத்துக்கு இந்நிதியைச் செலவிட அறிஞருள் பெரும்பாலோர் ஒப்புவதில்லை. வக்பு சொத்து வேறு, ஜகாத் வேறு என்பதை அலுவலர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். வருமான வரிச் சலுகையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு அளித்த நன்கொடைக்கே உண்டு. தனியாருக்கு நேரே தந்த ஜகாத்துக்கு இல்லை.

ரமலான் மாதத்தில் வீட்டு வாயில்தோறும் வரிசையில் நிற்போருக்குச் சில்லறையும் சேலையும் பகிர்ந்தளிப்பதே பல ஊர்களில் நடைமுறை. 2015 ஜூலையில் வங்காள தேசத்தின் மைமென்சிங் நகரில் ஜகாத் துணி பெறத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு சேலைக்காக நேர்ந்த சாவு அது. அம்முறை உயிருக்கு ஊறு செய்யாத இடத்திலும் வறுமைக்கு ஊறு செய்வதில்லை: இந்த ஆண்டு வரிசையில் நின்ற விதவையே அடுத்த ஆண்டும் நிற்கிறாள். முற்கால ஷாபி அறிஞர் நவவியின் கருத்தோ, கைவினைஞனுக்கு அவன் தொழிற்கருவியின் விலையையும் வணிகனுக்கு முதலையும் அளிக்கலாம் என்பதாகும். தெருவில் பத்துப் பேர் தங்கள் ஜகாத்தை ஒன்றுசேர்த்தால் ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரமோ ஓர் இளைஞனின் கடன் மீட்சியோ கைகூடும். கூட்டாகத் திரட்டி வழங்கும் அமைப்புகள் நம் நாட்டிலும் தோன்றியுள்ளன. கணக்கை வெளியிடும் அமைப்பையே மக்கள் நம்புவர்.

கட்டாயப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தான் சான்று. 1980இல் வந்த சட்டப்படி ரமலான் முதல் நாளன்று வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து 2.5 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டது. ஷியா மக்கள் எதிர்த்துப் போராடி விலக்குப் பெற்றனர். வேறு பலர் ரமலானுக்கு முன்பே பணத்தை எடுத்துவிடத் தலைப்பட்டனர்.

செலுத்தத் தவறிய ஆண்டுகளின் ஜகாத் காலம் கடந்ததால் நீங்கிவிடுவதில்லை. அது கடனாகவே நிற்கும். ஒருவர் அக்கடனோடு இறந்தால், ஷாபி மத்ஹபின்படி வாரிசுகள் பாகம் பிரிக்குமுன் சொத்திலிருந்து அதைச் செலுத்த வேண்டும்; ஹனபி மத்ஹபின்படி, அவர் மரண சாசனத்தில் சொல்லியிருந்தால் மட்டும், மூன்றில் ஒரு பங்குக்குள் செலுத்தலாம்.