கீழ்ப்படிதல் வேறு, வாய் மூடுதல் வேறு!

என் சித்தி மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. விடுமுறைக்கு வந்தவள், ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். "பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட என்ன சொன்னேன்னு மதர் கேக்கறாங்கக்கா. சொல்லலைன்னா, கீழ்ப்படிதல் இல்லாதவள்னு எல்லார் முன்னாடியும் திட்டறாங்க" என்றாள்.

சித்தியோ, "மதர் வார்த்தை ஆண்டவர் வார்த்தைடி. பொறுத்துக்கோ" என்று அடக்கிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. திருச்சபைச் சட்டம் படித்த ஒரு ஃபாதரிடம், யாருக்கு என்று சொல்லாமல் விசாரித்தேன். அவர் 1983-ல் வந்த சட்டத் தொகுப்பைப் பிரித்துக் காட்டினார்.

பாவசங்கீர்த்தனத்திலும் ஆன்ம வழிகாட்டுதலிலும் துறவியருக்கு உரிய சுதந்திரம் தர வேண்டும். மனசைத் திறந்து காட்டும்படி தலைவி எந்த விதத்திலும் தூண்டக் கூடாது என்கிறது 630-வது விதி. அவளாக விரும்பிச் சொன்னால் அது வேறு. மடத்தை அதிகாரபூர்வமாகப் பார்வையிட வருகிறவரிடம் உண்மையைச் சொல்வதை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது 628-வது விதி.

இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அடுத்த முறை பார்வையிட வந்தவரிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். இப்போது வேறு மடத்தில் நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் அந்த மதர் அதே இடத்தில்தான் இருக்கிறார். அங்கே இப்போது அழுவது யார் வீட்டுப் பெண்ணோ!

தாய்மார்களே, மடத்திலிருந்து வரும் மகள் கண் கலங்கினால், "பொறுத்துக்கோ" என்று சொல்வதற்கு முன்னால், என்ன நடந்தது என்று கேளுங்கள். அவளை ஆண்டவருக்குத்தானே கொடுத்தோம்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.