காணொலியை நிறுத்திப் படிப்போம்

எஸ்.பி.எம். வேதியியல் தேர்வு நெருங்கும்போது மாணவர் பலர் மீள்பார்வைக் காணொலிகளை நாடுகின்றனர். நல்லாசிரியரின் விளக்கம் தோட்டப்புற மாணவருக்கும் நகர மாணவருக்கும் ஒன்றுபோல் கிடைப்பது இவற்றின் சிறப்பு. எனினும், பார்ப்பதனால் மட்டும் பாடம் மனத்தில் பதிந்துவிடாது. பிறர் விளக்கும்போது எளிதாகத் தோன்றும் விடை, தேர்வறையில் கை கொடுக்காமல் போகலாம்.

இரப்பர் பால் உறைதலை எடுத்துக்கொள்வோம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் டான் சே யான் இரப்பர் பயிரிட்டார். பாலில் அமிலம் சேர்த்து உறைய வைப்பது தோட்ட மக்கள் நன்கறிந்த தொழில். அமிலம் ஏன் பாலை உறைய வைக்கிறது? ஆசிரியர் இவ்வாறு கேட்டதும் காணொலியை நிறுத்துங்கள். விடையை நீங்களே எழுதுங்கள். பிறகு தொடர்ந்து பார்த்துச் சரிபாருங்கள்.

இரப்பர் துகள்களைச் சூழ்ந்துள்ள புரதச் சவ்வு எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே, துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அம்மின்னேற்றத்தை நடுநிலையாக்குகின்றன. அதன்பின் துகள்கள் மோதுகின்றன, சவ்வு உடைகிறது, இரப்பர் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து பால் உறைகிறது.

இவ்விளக்கத்தை மறுநாள் காணொலியைப் பாராமல் மீண்டும் எழுதுங்கள். விடுபட்ட படியே நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய பகுதி. அம்மோனியா சேர்த்த பால் ஏன் விரைவில் உறைவதில்லை என்பதற்கும் இதே முறையில் விடை எழுதிப் பாருங்கள்.