காற்றுக்கு வழி வகுக்கும் தகடுகள்

காப்பார்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மேல் பிற்பகல் வெயில் காயும்போது நிழலிலேயே உஷ்ணம் 32, 33 டிகிரியைத் தொட்டுவிடுவது ஆண்டு முழுவதும் நமக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் விமான எஞ்சின்களின் சக்தியைக் கணக்கிடும் பொறியியலார் தம் கணக்குகளுக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டிருப்பதோ கடல் மட்டத்தில் 15 டிகிரி என்னும் குளிர்தேசத்து உஷ்ணநிலை. இந்த வித்தியாசம் சுபாங்கில் பயணி விமானம் ஏறுபவருக்கு ஒரு பொருட்டல்ல. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டு, தண்ணீரின் துணையில்லாமல் வெறுங்காற்றினாலேயே குளிர்ந்தாக வேண்டிய ஒற்றை எஞ்சின் சிறு விமானத்துக்கோ அது ஜீவாதாரமான பிரச்னை. அந்தப் பிரச்னையைத் தீர்த்துவைப்பவை, எஞ்சின் மூடிக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் சில அலுமினியத் தகடுகள். பட்டறைக்காரர்கள் பாஃபிள் என்று சொல்லும் இத்தகடுகளைச் செப்பனிடுவது, பழைய விமானத்தைப் புதுப்பிக்கும்போது எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் நேரத்தில் செய்துகொள்ளத்தக்க தகர வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலைக்கு எவ்வளவு சிரத்தை உண்டோ அவ்வளவும் இதற்கும் வேண்டும், நம் தேசத்துச் சீதோஷ்ணத்தில் அதற்கு மேலும் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட விமானங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆகாயத்துக்கு அந்நியமானவை அல்ல. 1930-களிலேயே கோலாலம்பூரில் பறக்கும் கழகம் ஒன்று இருந்தது. 1937-இல் வேர்ன்ஸ் கம்பெனியார் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்து நடத்திய விமான சேவையில் டி ஹேவிலண்ட் டிராகன் ரப்பீட் என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள் பறந்தன. யுத்தம் நெருங்கிய 1940-இல் கழகங்களின் விமானங்களையும் விமானிகளையும் சேர்த்து மலாயாத் தொண்டர் விமானப்படை உருவாயிற்று. அவசரகாலம் பிறந்த 1948-க்குப் பின், காட்டுக்கு மேல் தாழப் பறந்து வேவு பார்த்த ஆஸ்டர் விமானங்களின் ஓசை தோட்டத்து ஜனங்களின் காதுக்கு நன்கு பழகியது. 1950-களில் மலாயாத் துணை விமானப்படையில் டைகர் மோத்தும், பிறகு சிப்மங்க்கும் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தன. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டபோது அதுவரை கோலாலம்பூரின் விமானத் திடலாக இருந்த சுங்கை பீசி பெரிய விமானங்களை இழந்தது. 2018-இல் அந்தத் திடலே மூடப்பட்டது.

நான் சொன்ன விமானங்களில் டைகர் மோத்துக்கும் சிப்மங்க்குக்கும் ஆஸ்டர்களில் ஒரு வகைக்கும் எஞ்சின் ஒன்றே. பிராங்க் ஹால்ஃபோர்ட் என்பவர் உருவாக்கி, 1932-இல் வெளிவந்த ஜிப்ஸி மேஜர் என்னும் அந்த யந்திரம் 6.1 லிட்டர் கொள்ளளவும், ஆரம்பத்தில் 130 குதிரைச் சக்தியும் உடையது. அதன் நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக, அதுவும் தலைகீழாகத் தொங்குகின்றன. புரொப்பெல்லர் தரையில் படாமல் உயரமாக நிற்கவும், விமானியின் கண்ணை எஞ்சின் மறைக்காமலிருக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் ஓட்டி வந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்ததுமான புஸ் மோத் விமானத்தில் இருந்தது இதற்கு முந்திய ஜிப்ஸி எஞ்சின். ஐம்பது ஆண்டுகள் கழித்து 1982-இல், தம் 78-ஆம் வயதில், டாட்டா அதே வழியில் மீண்டும் பறந்து காட்டிய லெப்பர்ட் மோத்தில் இருந்தது ஜிப்ஸி மேஜர். அரை நூற்றாண்டு வயதான விமானமும் முறையாகப் பராமரிக்கப்பட்டால் சிந்துவின் வெப்பத்தையும் தாங்கும் என்பதற்கு அந்தப் பிரயாணம் சாட்சி.

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே புரொப்பெல்லரைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. பெரும்பகுதி புகையோடு போக, மிச்சம் சிலிண்டரின் சுவரிலும் தலையிலும் ஏறிக்கொள்கிறது. அதை வெளியேற்றத்தான் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகச் செதில்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இவற்றை எல்லோரும் பார்த்திருக்கலாம். ஆனால் செதில் இருந்தால் மட்டும் போதாது. செதில்களுக்கு நடுவே, அடிவரையில், காற்று உராய்ந்து ஓட வேண்டும். காற்றோ எதிர்ப்பு குறைந்த வழியையே நாடும் இயல்புடையது. வரிசையின் முதல் சிலிண்டர் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு மற்றவற்றை மறைக்க, கடைசிச் சிலிண்டருக்கு முன்னவை சூடாக்கிய காற்றுதான் கிட்டும். விசாலமான பக்கவழிகளிலோ குளிர்ந்த காற்று ஒரு பயனுமின்றி ஓடிப்போகும். அடுப்பங்கரையில் ஊதுகுழலின்றி வாயால் மட்டும் ஊதினால் மூச்செல்லாம் சாம்பலைக் கிளப்புவதில் செலவாகி, கங்கு மட்டும் கனலாமலிருப்பதைப் போன்றதே இது.

ஆகவே ஜிப்ஸி மேஜரில் எஞ்சினின் ஒரு பக்கமாகக் காற்றை வாங்கும் வாய் ஒன்றை அமைத்து, அந்தக் காற்று பின்னோக்கிச் செல்லாதபடி அடைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்கேயும் ஊடுருவி மறுபக்கம் வெளியேறும்படி இடைத்தகடுகளால் பங்கிட்டுவிடுகிறார்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் நியாயமாகப் பங்கு கிடைப்பது அந்தத் தகடுகளின் வடிவத்தையும் இறுக்கத்தையும் பொறுத்தது.

எவ்வளவு சொற்பமான பலத்தைக் கொண்டு இந்தக் காரியம் நடக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டைகர் மோத் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கும்போது எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 9 அல்லது 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஈடாகும். எஞ்சின் முழுச் சக்தியுடன் உழைத்து மேலேறும் சமயத்திலோ வேகம் 107 கிலோமீட்டர் அளவில் குறைந்து, அந்த அழுத்தம் 5 சென்டிமீட்டராகப் பாதியாகிவிடுகிறது. உஷ்ணம் மிகுதியாகப் பிறக்கும் வேளையில் குளிர்ச்சி குறைந்து நிற்கிறது. இதனோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 டிகிரிக் காற்றைவிட 32 டிகிரிக் காற்று நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் லேசானது. சிலிண்டர்த் தலை 200 டிகிரியில் இருக்குமானால், அதற்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசமும் 185-லிருந்து 168-ஆகச் சுருங்கிவிடுகிறது. இப்படி இரண்டு வகையிலும் நஷ்டப்படும் இடத்தில், ஒரு விரல் நுழையும் இடுக்கு வழியாகக் காற்று ஒழுகிப் போவதை எப்படி அலட்சியம் செய்வது? சீரற்ற குளிர்ச்சியினால் சிலிண்டர் வட்டம் கெட்டு நெளியும். புகைவால்வு தன் குழலில் சிக்கும். தலையில் வெடிப்பு காணும். இதில் கொடுமை என்னவென்றால், டைகர் மோத்தின் முகப்பில் எண்ணெய் அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் காட்டும் மானிகள் உண்டேயன்றி சிலிண்டர்த் தலையின் உஷ்ணத்தைக் காட்டும் மானி கிடையாது. விமானிக்கு முன்னெச்சரிக்கை எதுவும் வருவதில்லை.

அமெரிக்காவில் 1930-களின் இறுதியில் பிறந்த பைப்பர் கப் விமானத்தின் 65 குதிரைச் சக்தி எஞ்சினில் சிலிண்டர்கள் மூடியின் இருபுறமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் கண்ணுக்குப் புருவம் போல் வளைந்த தகடே பாஃபிள். பிற்கால எஞ்சின்களில் மூடிக்குள்ளே மேல்புறம் அழுத்தம் மிகுந்த அறையாகவும், கீழ்ப்புறம் அழுத்தம் குறைந்த அறையாகவும் பிரிக்கப்பட்டு, காற்று மேலிருந்து கீழாகச் செதில்களின் ஊடே இறங்குகிறது. வடிவம் வேறானாலும் தத்துவம் ஒன்றுதான்.

இனிச் செப்பனிடும் வேலைக்கு வருவோம். கழற்றி எடுக்கும் பழைய தகடுகள் பெரும்பாலும் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கலவை; எஞ்சினின் அதிர்ச்சியால் திருகுத் துளைகளைச் சுற்றியும் மடிப்பு மூலைகளிலும் கீறல் விட்டு, கடலோரத்து உப்புக் காற்றில் வெண்ணிறத் துரு பூத்து, முன்னொரு காலத்தில் யாரோ அவசரத்தில் ஒட்டிய ஒட்டுகளோடு கிடக்கும். எவ்வளவு சிதைந்ததாயினும் அதை எறிந்துவிடலாகாது. வரைபடம் கிடைக்காத விமானத்துக்கு அந்தச் சிதைந்த தகடே வரைபடம். அதே சமயத்தில் அதைக் கண்மூடி நம்பிவிடவும் கூடாது. பழைய பழுதுகளின்போது நெளிந்த நெளிவுகள் அதில் இருக்கக்கூடுமாதலால், அதைக் கொண்டு அட்டையில் மாதிரி வெட்டி, அந்த அட்டையை எஞ்சினில் வைத்துப் பார்த்துத் திருத்தி, அதன்பிறகே தகட்டில் கத்தரி வைக்க வேண்டும். செந்தூல் ரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம்மவர் பலருக்கு, முதலில் மாதிரி, பிறகே உலோகம் என்னும் இந்தக் கிரமத்தை எடுத்துச் சொல்லத் தேவையிராது.

சிறிய கீறலாயின் அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிட்டால் கீறல் அதற்கு மேல் ஓடாமல் நிற்கும். அதன்மேல் ஒட்டுத் தகடு வைத்து ரிவிட் அடித்துவிடலாம். கீறல்கள் பலவானால் புதிதாகச் செய்வதே உத்தமம். கடினமான அலுமினியக் கலவையைக் கூர்மையாக மடித்தால் அன்றே முறியாவிட்டாலும் பறக்கும்போது முறியும். ஆகவே மடிப்பின் உள்வளைவு தகட்டுக் கனத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மடிப்புக் கோட்டைக் கூரான ஊசியால் கீறுவதும், சாதாரணப் பென்சிலால் வரைவதும் ஆகா: ஊசிக்கீறல் வெடிப்புக்கு வித்தாகும், பென்சிலின் கரியோ ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். வெட்டிய ஓரங்களை அரத்தால் தேய்த்து மழுங்கவிடாவிட்டால், அவை செதிலையும் மின்கம்பியின் உறையையும் அறுத்துவிடும்.

தகடு முடிந்தபின் எஞ்சியிருப்பது ஓரச் சீலை. என் எண்ணத்தில் வேலையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் குலுங்கிக்கொண்டிருப்பது, மூடியோ விமான உடலோடு அசையாமல் நிற்பது. ஆகையால் தகடு மூடியைத் தொடக் கூடாது, காற்றும் நடுவில் தப்பக் கூடாது. இந்த இடைவெளியை நிரப்பவே தகட்டு ஓரத்தில் வளையும் பட்டை தைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த துணியாக இருக்கக்கூடும்; அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் பறக்கும் நார் சுவாசப்பையை நாசமாக்கும் என்பதால், நனைத்து, முகமூடியணிந்து, முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். இப்போது போடுவது நெசவு கலந்த சிலிக்கோன் ரப்பர். பட்டை எப்பொழுதும் அழுத்தம் மிகுந்த பக்கத்தை நோக்கி வளைந்திருக்க வேண்டும்; அப்பொழுது காற்றே அதை மூடியோடு சேர்த்து அழுத்தி அடைத்துவிடுகிறது. மறுபக்கம் வளைந்துவிட்டாலோ, அதே காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு போய்விடும். தரையில் நிற்கையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும் என்பதால், மூடியைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பட்டை எந்தப் பக்கம் மடிகிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பது அவசியம்.

சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள தகடுகள் செதில்களை நெருங்கி நிற்க வேண்டும். ஆயினும் செதில் ஆழமில்லாத இடங்களில் முற்றிலும் ஒட்டிக்கொண்டால் காற்று நுழையவே வழியில்லாமற் போகும். சிறு இடுக்குகளை உஷ்ணம் தாங்கும் சிலிக்கோன் பசையால் அடைக்கலாம். எல்லாம் பூட்டியானபின், கொட்டகையை இருட்டாக்கி மூடிக்குள் ஒரு பிரகாசமான விளக்கை வைத்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம் என்று தெரிந்துகொள்ளலாம். குளவிக் கூடுகளையும் அப்பொழுதே பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் சில நாள் சும்மா நின்ற விமானத்தின் காற்றுவாயில் குளவி மண் கொண்டுவந்து பூசிவிடும்.

கண்காட்சிக்கென்று புதுப்பிக்கப்படும் விமானங்களில் வெளிமூடிக்குப் பளபளவென்று வர்ணம் பூசி, உள்ளே இந்தத் தகடுகளை இல்லாமலே விட்டுவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது; பறக்காத விமானத்துக்கு அவை எதற்கு என்று கேட்பவர்கள், அந்த எஞ்சின் எப்படி உயிர் வாழ்ந்தது என்பதைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் காட்டாமலே அனுப்பிவிடுகிறார்கள்.

பறக்கும் விமானமானால் இறுதிப் பரீட்சை ஆகாயத்தில்தான். ஸ்பார்க் பிளக்கின் வளையத்தடியில் உஷ்ணம் அறியும் கம்பியைத் தற்காலிகமாகப் பொருத்தி, லைசென்ஸ் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில், காலைக் குளிர்ச்சியில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் மேலேறிப் பார்த்து, நான்கு சிலிண்டர்களின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்சிலிண்டர் மட்டும் தனித்துச் சுட்டால் அதன் இடைத்தகட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் சில மணி நேரப் பறத்தலுக்குப் பின் மூடியைத் திறந்து, உட்புறத்து வர்ணத்தில் பட்டை உராய்ந்த தடம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தால், எங்கே தொடர்பு அறுந்திருக்கிறதோ அங்கே புதுப் பட்டை தேவை. இந்தக் குறிப்புகளையும் அட்டை மாதிரிகளையும் விமானத்தின் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டால், இருபது ஆண்டு கழித்து அதே தகட்டைக் கழற்றப்போகும் வேறொருவர் அளவெடுக்கும் வேலையை ஆதியிலிருந்து தொடங்க வேண்டியிராது.