உப்புக் கூடை சுமக்கும் பெண்ணுக்குப் பலிபீடத்தில் என்ன இடம்?

தை பிறந்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை சூடு பிடிக்கும். பாத்தி கட்டுவதும், உவர்நீர் பாய்ச்சுவதும், படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பதும் பெரும்பாலும் ஆண்கள் வேலை. குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்குகிறார்கள். உப்புநீர் பட்டுப் பட்டுப் பாதம் வெடிக்கிறது. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் எரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூழ்கிவிட்டால் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது.

இந்தக் கடற்கரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் உழைக்கும் பெண்களில் தலித் கிறிஸ்தவப் பெண்களும் இருக்கிறார்கள். கோயிலைக் கூட்டித் துடைப்பது யார்? அன்பியக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது யார்? திருவிழா வரியை வீடு வீடாகப் போய் வாங்கித் தருவது யார்? சாவு வீட்டில் விடிய விடிய செபம் சொல்வது யார்? எல்லாவற்றுக்கும் பதில் பெண்கள்தான். ஆனால் பங்கின் பணத்தை எப்படிச் செலவழிப்பது, பள்ளியில் யாருக்கு வேலை கொடுப்பது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? பலிபீடத்தில் ஏறி நிற்க அவர்களுக்கு உரிமை உண்டா?

உலகம் முழுக்கத் திருச்சபைகளில் நடந்துகொண்டிருக்கும் விவாதம் இது. நம் சேரிகளில் இதை 'வெளிநாட்டுப் பெண்களின் பேச்சு' என்று ஒதுக்கிவிடுகிறோம். தலித் விடுதலையைப் பேசுகிறவர்கள் அப்படி ஒதுக்க முடியாது. தலித்தைப் பீடத்துக்கு வெளியே நிறுத்திய அதே தீட்டுக் கணக்குதான் பெண்ணையும் வெளியே நிறுத்துகிறது.

சுவரும் கொண்டையும்

மரக்காணத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரி தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர்கள், இன்னொரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். தலித் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்றால் நடுவில் சுவர் எதற்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது.

தலித் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைப் பெருமையோடு எடுத்துச் சொல்வார்கள். அதே சம்பவத்தின் தொடர்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுவர் போன பிறகு, சாதிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்தார். பாதிரியார் தம் கைப்பிரம்பை அவர் கொண்டையில் குத்தி, இப்படி உடுத்திக்கொண்டு கோயிலுக்கு வராதே என்று அவமானப்படுத்தி அனுப்பினார்.

சாதிச் சுவரை இடித்த கைதான் பெண்ணின் தலையில் பிரம்பை வைத்தது. அந்தப் பெண் தலித் அல்ல என்பது உண்மை. ஆனாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. சாதியைக் கேள்வி கேட்டுவிட்டால் பெண்ணுக்கு நியாயம் தானாக வந்துவிடாது.

இதே உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது என்பது விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டார மக்களுக்கு நினைவிருக்கும். தனி இருக்கை, தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்று ஒதுக்கப்பட்டு வந்த தலித் கிறிஸ்தவர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அப்படி ஒப்புக்கொள்ள வைத்ததில் எறையூர் போன்ற பல ஊர்களின் போராட்டத்துக்குப் பங்கு உண்டு.

அந்தப் போராட்டங்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஆனால் நம் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். தலித் ஆயர் வேண்டும், தலித் பங்குத்தந்தை வேண்டும், பொதுக் கல்லறை வேண்டும். எல்லாம் நியாயமானவை. தலித் பெண்ணுக்குப் பங்குப் பேரவையில் எத்தனை இடம் என்ற வரி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

பெண் குருத்துவத்தை ஏற்காதவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்கள், அதை மாற்றத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்பது கத்தோலிக்கத் தலைமையின் நிலை. போப் இரண்டாம் ஜான் பால் 1994 மே மாதம் எழுதிய மடலில் இதை இறுதி முடிவாகவே அறிவித்தார். சபையில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருப்பதைப் பல புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகள் எடுத்துக் காட்டுகின்றன. இதை மனதார நம்பும் பெண்களும் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே பவுல் ரோமருக்கு எழுதிய மடலின் கடைசி அதிகாரத்தில் ஒரு பெண்ணை முதல் ஆளாகக் குறிப்பிடுகிறார். பெயர் பெபேயாள். கெங்கிரேயா என்ற துறைமுக ஊரின் சபையில் பணியாற்றியவர். அவருக்குப் பவுல் தரும் பட்டம் கிரேக்கத்தில் 'தியாகோனோஸ்'. தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் பவுல் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் பெபேயாள் 'ஊழியக்காரி' ஆனார். இன்று ஊரில் 'ஊழியக்காரர்' என்றால் மேடையில் நிற்கும் போதகர் என்று அர்த்தம். 'ஊழியக்காரி' என்றால் எந்த உருவம் மனதில் வருகிறது என்பதை அவரவரே யோசித்துப் பார்க்கலாம்.

தமிழில் ஆயர், போதகர், குரு எல்லாமே இருபாலுக்கும் பொதுவான சொற்கள். மொழி தடை போடவில்லை. ஆனாலும் 'பாஸ்டரம்மா' என்றால் பாஸ்டரின் மனைவி என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு பெண்ணே பாஸ்டராக வந்தால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறுகிறோம்.

உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, மற்றச் சீடர்களுக்குச் சொன்னவர் மகதலா மரியா என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. அவருடைய நினைவு நாளை 2016-இல் போப் பிரான்சிஸ், திருத்தூதர்களின் விழாக்களுக்குச் சமமான விழாவாக உயர்த்தினார்.

வேதாகம வாதத்துக்கு அப்பால், வெளிப்படையாக யாரும் எழுதாத ஒரு காரணம் ஊரில் இருக்கிறது. மாதவிலக்கு. "அந்த மூன்று நாளில் அப்பத்தைத் தொடலாமா?" என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. தீட்டு என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட சமூகம் நாம். அந்தச் சொல்லை நம் வீட்டுப் பெண்கள்மீது நாமே திருப்புவது எப்படிச் சரியாகும்?

மாறியவை, மாறாதவை

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதில் பெண்கள் 1970களிலிருந்தே குருப்பட்டம் பெற்று வருகிறார்கள். ஆனால் முதல் பெண் பேராயரைக் காண 66 ஆண்டுகள் ஆயின. 2013 செப்டம்பர் இறுதியில், ஆந்திராவின் நந்தியால் பேராயராக இ.புஷ்பலலிதா பொறுப்பேற்றார். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் 1994-இல்தான் குருக்களானார்கள். அங்கே 2025 அக்டோபரில், முன்பு நர்ஸாக வேலை பார்த்த சாரா முல்லாலி, அதன் மிக உயர்ந்த பதவியான கேன்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்குப் பெண் ஒருவர் வருவது அதுவே முதல் முறை.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவத்தின் கதவு மூடியே இருக்கிறது. பெண்களைத் திருத்தொண்டர்கள் ஆக்குவது பற்றி ஆராயப் போப் பிரான்சிஸ் 2016-லும் 2020-லும் குழுக்கள் அமைத்தும் அதுவும் நடக்கவில்லை. ஆனால் மற்றச் சில கதவுகள் திறந்திருக்கின்றன. அவை திறந்திருப்பது நம் ஊர்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்கு முன்பு ஆண்களை மட்டுமே உட்கார வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2016 ஜனவரியில் அது மாற்றப்பட்டது. போப் பிரான்சிஸ் 2024-இல் ரோம் நகரச் சிறையில் பன்னிரண்டு பெண் கைதிகளின் பாதங்களைக் கழுவினார். உப்பில் வெடித்த பாதங்களுக்கு நம் கோயில்களில் அந்த நாற்காலி போடப்படுகிறதா? 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகள் முறைப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணி, ஆண் பெண் இருவருக்கும் உரிய திருப்பணியாக ஏற்படுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் வாடிகனில் நடந்த ஆயர் மாமன்றத்தில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். இந்திய ஆயர் பேரவையும் 2010-லேயே பாலினச் சமத்துவக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

"அதுதான் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பள்ளி நடத்துகிறார்கள், மருத்துவமனை நடத்துகிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் மடத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. துறவற சபையிலிருந்து வெளியேறிய தலித் பெண்ணான பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' அதைத் தமிழ் உலகத்துக்கு உடைத்துச் சொன்னது. கல்லூரி மாணவர்கள் பாடமாகப் படிக்கும் அந்த நூல், திருச்சபைக்கு உள்ளே இருந்து எழுந்த சாட்சியம்.

ஏன் இது வயிற்றுப் பிரச்சினை?

அளத்தில் கூலி கேட்பதை விட்டுவிட்டுப் பீடத்தில் இடம் கேட்பதா என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நம் கிராமங்களில் திருச்சபை என்பது பூசை மட்டும் இல்லை. பள்ளிக்கூடம், விடுதி, நிலம், வேலை, கல்லறை எல்லாம் அதோடு சேர்ந்தவை. அந்த முடிவுகளை எடுக்கும் இடத்தில் அளத்துப் பெண் இருந்தால், விடுதியில் அவள் மகளுக்கு ஒரு இடம் கிடைப்பது எளிதாகும்.

இன்னொரு பக்கம் அரசாங்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. பட்டியல் சாதிப் பெண்களுக்கென்று தலைவர் பதவிகள் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். எனவே தலித் கிறிஸ்தவப் பெண் அந்த ஒதுக்கீட்டு இடத்தில் போட்டியிட முடியாது. இதைத் திருத்தக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே நிற்கிறது.

கிறிஸ்தவள் என்பதால் ஊராட்சியின் ஒதுக்கீட்டு நாற்காலி அவளுக்கு இல்லை. தலித் என்பதாலும் பெண் என்பதாலும் பங்கின் நாற்காலியும் எட்டவில்லை. மத மாற்றத்தால் சலுகை போகும் என்று தெரிந்தும் பல குடும்பங்கள் சுயமரியாதையைத் தேடித்தான் திருச்சபைக்கு வந்தன. அந்தச் சுயமரியாதையில் பெண்ணின் பங்கை யார் தருவது?

இப்போதே செய்யக்கூடியவை

குருத்துவம் பற்றிய முடிவு ரோமில் எடுக்கப்படுவது. ஆனால் பங்கில் நாமே கேட்கக்கூடியவை பல இருக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். அதில் பெண்கள் உறுப்பினராகத் தடை எதுவும் இல்லை. உங்கள் பங்கில் நிதிக்குழு இருக்கிறதா, அதில் கூலி வேலை செய்யும் தலித் பெண் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். பங்குப் பேரவையில் பாதி இடம் பெண்களுக்கு என்று கேளுங்கள். வாசகம் வாசிக்கவும், பீடத்தில் உதவவும், வேதியராகப் பயிற்சி பெறவும் பெண்களின் பெயரைக் கொடுங்கள். பெண் குருக்கள் உள்ள சபைகளில், அவர்களைத் தலைமைப் பொறுப்புடன் எங்கள் சபைக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

ஆயர் பேரவையின் 2010 பாலினக் கொள்கையையும் 2016 தலித் கொள்கையையும் மாணவர்கள் தேடிப் படித்து, தங்கள் அன்பியக் கூட்டத்தில் எளிய தமிழில் விளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தலித் கொள்கையைக் கேட்பவர்கள் பெண்ணை மறந்தாலும், பாலினக் கொள்கையைக் கேட்பவர்கள் சேரியை மறந்தாலும், அளத்துப் பெண்ணுக்கு இரண்டிலும் இடம் இல்லாமல் போகும்.

கூட்டத்தைப் பகலில் வைக்காதீர்கள். அளத்தில் கூடை இறக்கி, வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்ட பிறகு அந்தப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அவர்கள் வரும்போது உட்கார முன்வரிசையில் இடம் இருக்கட்டும்.