இரட்டைக் குளம்பும் திமிங்கிலமும்

பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து தங்கவயலை நோக்கிப் பிரியும் இருப்புப்பாதையின் ஓரத்தில், மழை ஓய்ந்த பின் செம்மண்ணைச் சற்றுக் குனிந்து பார்ப்போமாயின், ஆடுகளும் மாடுகளும் நடந்து சென்ற சுவடுகளைக் காணலாம். ஒவ்வொரு சுவடும் நடுவே இரண்டாகப் பிளந்திருக்கும். பன்றியின் சுவடும் அத்தகையதே. குதிரையின் சுவடோ பிளவின்றி ஒரே வளைவாக இருக்கும். அன்றாடம் நாம் மிதித்துச் செல்லும் இந்தச் சிறு வேறுபாட்டில் ஒரு பெருங்குலத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

நம் கையை விரித்து மேசைமீது ஊன்றிப் பார்ப்போம். பிற விரல்கள் குறுகி மறைய, நடுவிரல் ஒன்றின் நகத்தின்மேல் மட்டும் உடலைத் தாங்கி நிற்பது போன்றது குதிரையின் நிலை. நடுவிரலும் மோதிரவிரலும் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது ஆட்டின் நிலை. விரல்களின் எண்ணிக்கையைவிட, உடலின் பாரம் எவ்வழியாக நிலத்தில் இறங்குகிறது என்பதே முக்கியம். தாபிர் என்னும் விலங்கின் முன்னங்காலில் நான்கு விரல்கள் உண்டு. எனினும் பாரம் நடுவிரல் வழியே இறங்குவதால் அது குதிரையின் இனத்தையே சேரும். இவ்வடிப்படையில் இரட்டைக் குளம்பிகளைத் தனி வரிசையாக வகுத்துப் பெயரிட்டவர் ஆங்கில அறிஞர் ரிச்சர்டு ஓவன், ஆண்டு 1848.

இவ்வரிசையில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கிளைகள் மூன்று. ஒட்டக இனம் ஒன்று. பன்றியும் நீர்யானையும் சேர்ந்தது மற்றொன்று. ஆடு, மாடு, மான், ஒட்டகச்சிவிங்கி முதலிய அசைபோடும் விலங்குகள் மூன்றாவது. புறத்தோற்றமும் பெயரும் இங்கே நம்மை ஏமாற்றுவதுண்டு. புள்ளிமானையும் வெளிமானையும் நாம் மான் என்றே அழைக்கிறோம். ஆனால் புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ எலும்பின்மேல் உறை பொதிந்து, வாழ்நாள் முழுதும் நிலைப்பது. ஆதலின் கோடியக்கரையில் துள்ளித் திரியும் வெளிமான், உறவுமுறையில் புள்ளிமானைவிட நம் வீட்டு ஆட்டுக்கும் பசுவுக்குமே நெருங்கியது.

இக்குலத்திற்கு இன்னொரு முத்திரை பின்னங்காலின் கணுவில் இருக்கிறது. அங்குள்ள ஓர் எலும்பு, மேலும் கீழும் கிணற்று உருளைபோல் பள்ளம் விழுந்து, இரு முனையிலும் சுழலத்தக்கதாய் அமைந்துள்ளது. குதிரையின் கணுவெலும்பில் உருளை ஒரு முனையில் மட்டுமே. ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டயகோடெக்சிஸ் என்னும் சிறு விலங்கிடமே இந்த இரட்டை உருளை காணப்படுகிறது. தாவி ஓடுவதற்கேற்ற அமைப்பு அது.

இந்நிலையில் 1990-களில் மரபணு ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பான முடிவைக் கூறினர். நீர்யானைக்கு மிக நெருங்கிய உறவு பன்றியன்று, திமிங்கிலம் என்றனர். காலே இல்லாத கடல்வாழ் உயிர்க்கும் பிளவுபட்ட குளம்புக்கும் என்ன தொடர்பு என்று எலும்பாராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். சான்று பாறையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

கோலார்ப் பாறைகள் இதற்கு உதவமாட்டா. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டப்பட்ட அச்சுரங்கங்களின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுடையவை; பாலூட்டிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியவை. அச்சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001-ஆம் ஆண்டில், பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கால்களைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவற்றின் கணுக்களில் இருந்தது அதே இரட்டை உருளை!

அடுத்த சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. காஷ்மீரப் பகுதியில் காலாகோட் என்னுமிடத்தில் இந்திய நிலவியலார் ஏ. ரங்கா ராவ் பாறைகளைத் திரட்டி, அவற்றிற் கண்ட ஒரு சிறு விலங்குக்கு 1971-இல் 'இந்தோஹயஸ்' என்று பெயரிட்டார். திரட்டிய பாறைகளில் பல உடைக்கப்படாமலே இருக்க, அவர் காலமானார். அவற்றை அவருடைய துணைவியார் ஹான்ஸ் தெவிசன் என்னும் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காதெலும்பின் உட்சுவர், திமிங்கிலங்களுக்கே உரிய முறையில் தடித்திருந்தது. கால் எலும்புகளும் நீர்யானைக்கு இருப்பதுபோல் கனத்திருந்தன. நீரில் மிதந்துவிடாமல் அடிநிலத்தில் நடப்பதற்கு அக்கனம் உதவும். ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்விலங்கு பூனையளவே இருந்தது; நம் மேற்குமலைக் காடுகளில் வாழும் சருகுமானை ஒத்தது. 2007-இல் தெவிசனும் இந்திய ஆராய்ச்சியாளர்களும் இம்முடிவை வெளியிட்டனர்.

ஆகவே இன்று கிளைகள் நான்கு: ஒட்டகம், பன்றி, அசைபோடுவன, நீர்யானையும் திமிங்கிலமும். கால் மறைந்த பின்னும் குலம் மறையவில்லை. ஒருவர் திரட்டி வைத்ததை மற்றொருவர் காத்தளித்திராவிடில், இந்த உறவுக்கான சான்று ஒரு கற்குவியலுக்குள் அடங்கிக் கிடந்திருக்கும். கல்லை உடைத்தாலன்றிப் பொன் இல்லை என்பதைத் தங்கவயல் மக்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. அறிவும் அவ்வாறே.